கேட்பவரின் நாற்காலி

2020 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது நம் நாளிதழ்களில் வந்த செய்தி நான்கு பத்திகளைத் தாண்டவில்லை. அவையும் பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த முகமைச் செய்திகளின் சுருக்கம். அவற்றில் பிரெஞ்சுப் படை இருந்தது, ஐ.நா. அமைதிப் படை இருந்தது, ஜிகாதிக் குழுக்கள் இருந்தன. மாலி மக்கள் மட்டும் தெருவில் கையசைக்கும் ஒரு புகைப்படத்தோடு நின்றுவிட்டார்கள். அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஆப்பிரிக்க அரசியல் பற்றிய பாட்காஸ்ட்களைத் தேடத் தொடங்கினேன். தேடியது எளிதில் கிடைத்தது. அரசியல், பாதுகாப்பு, வளர்ச்சி ஆகிய மூன்றையும் ஆப்பிரிக்கக் குரல்களின் வழியே அணுகுவதாகச் சொல்லிக்கொள்ளும் நிகழ்ச்சிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வாஷிங்டன், லண்டன், பெர்லின், பிரஸ்ஸல்ஸ் நகரங்களில் உள்ள ஆய்வு நிறுவனங்களிலிருந்து வருபவை. அதனாலேயே அவற்றை ஒதுக்கிவிட முடியாது. வாஷிங்டனிலிருந்து வரும் ‘இன்டு ஆப்பிரிக்கா’வைச் சில ஆண்டுகள் நடத்தியவர் காங்கோ வம்சாவளியைச் சேர்ந்த முவெம்பா டிஸோலெலே, பிபிசியின் ‘ஆப்பிரிக்கா டெய்லி’யை உகாண்டாவைச் சேர்ந்த ஆலன் கசுஜா நெடுங்காலம் நடத்தினார், தென்னாப்பிரிக்கரான கோபுஸ் வான் ஸ்டாடன், எரிக் ஒலாண்டருடன் சேர்ந்து சீன-ஆப்பிரிக்க உறவைப் பற்றி 2010 முதல் பேசிவருகிறார். இவற்றைக் கேட்டுக் கற்றுக்கொண்டது நிறைய.

இருந்தாலும் ஓர் உறுத்தல் தொடர்ந்து இருந்தது. ஆய்வு நிறுவனங்களின் நிகழ்ச்சிகளுக்கு ஏறக்குறைய ஒரே கட்டமைப்பு. முதலில் நாட்டைப் பற்றிய அறிமுகம், பிறகு விருந்தினரின் பின்னணி, நடுவில் நெருக்கடியின் வரலாறு; நேரம் முடியும் தறுவாயில், “சர்வதேசச் சமூகம் என்ன செய்ய வேண்டும்?” என்ற கேள்வி. அந்தக் கேள்வி வந்ததும் விருந்தினரின் பேச்சே மாறிவிடுகிறது. அதுவரை தன் ஊரின் சந்தையையும் மாவட்ட அதிகாரியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படிப்பவரைப் போல ஒருங்கிணைப்பு, உள்ளடக்கிய அணுகுமுறை, நீண்டகால முதலீடு என்று அடுக்குகிறார். யாரும் எதிர்க்க முடியாத, யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவும் முடியாத சொற்கள். கேள்வி கேட்பவர் எந்தத் தலைநகரின் மேசையை மனத்தில் வைத்துக் கேட்கிறாரோ, அந்த மேசைக்கு ஏற்றபடி பதிலும் தன்னை வெட்டிக்கொள்கிறது. பேசுவது ஆப்பிரிக்கக் குரல்தான்; ஆனால் எதைப் பற்றிப் பேச வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை முடிவு செய்பவர் வேறொருவர். விருந்தினரின் கடவுச்சீட்டைப் பார்த்து ஒரு நிகழ்ச்சியை மதிப்பிடுவதில் அர்த்தமில்லை, கேள்விகளைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்ற கருத்து எனக்குள் மெல்லத் திரண்டது. அது கருத்தாக மட்டும் இருந்த நிலையை மாற்றியது புர்கினா ஃபாசோ பற்றிய ஓர் உரையாடல்.

இனாட்டா

2022 செப்டம்பர் 30 அன்று கேப்டன் இப்ராஹிம் ட்ராவ்ரே புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகாடூகுவில் ஆட்சியைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஜனவரியில் ஆட்சிக்கு வந்திருந்த லெப்டினன்ட் கர்னல் தமிபாவை அவர் அகற்றினார். ஒரே ஆண்டில் இரண்டாவது ஆட்சிக்கவிழ்ப்பு. தெருவில் சிலர் ரஷ்யக் கொடியை அசைத்தார்கள், பிரெஞ்சுத் தூதரகம் தாக்கப்பட்டது. உலக ஊடகங்களுக்கு அந்தக் கொடி போதுமானதாக இருந்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்து நான் கேட்ட ஒரு நிகழ்ச்சியில் ஐரோப்பிய நெறியாளரின் முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான்: புர்கினா இளைஞர்கள் ஏன் ரஷ்யாவை நோக்கிப் போகிறார்கள்? விருந்தினர் அந்நாட்டைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர். அவர் ரஷ்யாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் இனாட்டாவில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

இனாட்டா நாட்டின் வடக்கே, மாலி எல்லையை ஒட்டிய சூம் மாகாணத்தில் இருக்கிறது. அங்கே இயங்காமல் கிடந்த ஒரு தங்கச் சுரங்கத்தின் அருகே ஜான்டார்ம் எனப்படும் ராணுவக் காவல் படையினரின் முகாம் ஒன்று இருந்தது. 2021 நவம்பர் 14 காலையில் ஆயுதக் குழுவினர் வண்டிகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் வந்து முகாமைத் தாக்கினார்கள். 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் படையினர். நாட்டை உலுக்கியது இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் அல்ல. தாக்குதலுக்கு முன்பே அந்த முகாமிலிருந்து மேலதிகாரிகளுக்கு ஒரு செய்தி போயிருந்தது: உணவு தீர்ந்துவிட்டது, இரண்டு வாரமாகச் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் விலங்குகளை அறுத்துத் தின்று காலம் தள்ளுகிறோம். அந்தச் செய்தி வெளியே வந்தபோது, ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல் தங்கம் எடுக்கும் ஒரு நாடு தன் எல்லையைக் காப்பவர்களுக்குச் சோறு போடவில்லை என்பது வாகாடூகுவின் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்தது. நவம்பர் முடிவதற்குள் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பரில் பிரதமர் விலகினார். ஜனவரியில் ராணுவம் அதிபர் கபோரேவைச் சிறைப்பிடித்தது.

அந்த ஆய்வாளர் இதைச் சொல்லி முடித்தபோது நெறியாளர் நன்றி சொல்லிவிட்டு, சரி, ரஷ்யாவின் பங்கு என்ன என்று மறுபடியும் கேட்டார். எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது. அதன் பிறகு அந்த உரையாடல் எங்கே போனது என்பதில் எனக்கு அக்கறை இருக்கவில்லை. ஆனால் இனாட்டாவைப் பிடித்துக்கொண்டு நானாகவே படிக்கத் தொடங்கியபோது இரண்டாவது ஆட்சிக்கவிழ்ப்புக்கு முன்னாலும் இதே விஷயம் இருப்பதைப் பார்த்தேன். ஜிபோ என்ற வடக்கு நகரத்தை ஆயுதக் குழுக்கள் 2022 பிப்ரவரியிலிருந்து முற்றுகையிட்டிருந்தன. உள்ளே இருந்தவர்கள் காட்டு இலைகளை அவித்துத் தின்னும் நிலைக்கு வந்திருந்தார்கள். செப்டம்பர் 26 அன்று அந்த நகரத்துக்கு உணவுப் பொருள் ஏற்றிச் சென்ற நீண்ட வாகன வரிசை கஸ்கிண்டே என்ற இடத்தில் தாக்கப்பட்டது. 27 படைவீரர்கள் இறந்தார்கள், லாரிகள் எரிந்தன. நான்கு நாட்கள் கழித்து ட்ராவ்ரே. ஜனவரியில் வந்தவர்கள், முந்தைய அரசு படைவீரர்களுக்குச் சோறு போடவில்லை என்று சொல்லி வந்தார்கள். செப்டம்பரில் வந்தவர்கள், ஜனவரியில் வந்தவர்களாலும் சோற்று லாரியை ஊருக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை என்பதைக் கண்முன்னே பார்த்துவிட்டு வந்தார்கள். மாஸ்கோ இந்த வெற்றிடத்தைப் பயன்படுத்திக்கொண்டது, அதில் ஐயமில்லை. ஆனால் கொடியிலிருந்து கதையைத் தொடங்குபவர் லாரியை ஒருபோதும் வந்தடைய மாட்டார். லாரியிலிருந்து தொடங்கியவருக்கோ கொடி தானாகவே விளங்கிவிடும்.

பிரிக்க முடியாத மூன்று

இனாட்டாவுக்குப் பிறகு என் கவனம் வேறு பக்கம் திரும்பியது. அரசியல், பாதுகாப்பு, வளர்ச்சி என்று நிகழ்ச்சிக் குறிப்புகள் மூன்றாகப் பிரித்து எழுதுவதை, நல்ல விருந்தினர்கள் பேசும்போது தங்களை அறியாமலேயே ஒன்றாக்கிவிடுகிறார்கள். முகாமுக்குப் போக வேண்டிய அரிசி எங்கே போனது என்பது ஊழல் பற்றிய கேள்வி, எனவே அரசியல். அரிசி வராததால் முகாம் விழுந்தது பாதுகாப்பு. முகாம் விழுந்ததால் சுற்றிலும் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் மூடப்பட்டது வளர்ச்சி. நன்கொடையாளர்களின் அமைச்சகங்களில் இவை மூன்றும் மூன்று துறைகள், மூன்று நிதி ஒதுக்கீடுகள். ஜிபோவில் அப்படி இல்லை.

இதற்கு எண்களும் உண்டு. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகளில் ஏறக்குறைய 2,200 பேரிடம் பேசித் தயாரிக்கப்பட்டது. அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்பு தீவிரவாதக் குழுக்களில் இருந்தவர்கள். தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களில் வேலைவாய்ப்பை முதன்மைக் காரணமாகச் சொன்னவர்கள் 25 சதவீதம். மதத்தைச் சொன்னவர்கள் 17 சதவீதம். ஏறத்தாழப் பாதிப்பேர், தங்களைச் சேர வைத்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் 71 சதவீதத்தினருக்கு அது அரசுப் படைகள் செய்த மனித உரிமை மீறல். தந்தையைப் பிடித்துக்கொண்டு போனது, தம்பியைச் சுட்டது. வெளிநாட்டுப் படைப் பயிற்சிக்கு இன்னும் எவ்வளவு நிதி தேவை என்ற கேள்வியிலிருந்து ஓர் உரையாடல் தொடங்கினால் இந்த 71 அதற்குள் நுழைய வழியே இல்லை, ஏனென்றால் பயிற்சி பெறுவதும் அதே படைதான்.

நைஜீரியர்கள் நைஜீரியர்களிடம் பேசும் நிகழ்ச்சிகளில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. வெளியிலிருந்து கேட்பவர் ஜிகாதிக் குழுவான போக்கோ ஹராமின் சித்தாந்தத்தைக் கேட்பார். உள்ளூர் நெறியாளர் ‘செக்யூரிட்டி வோட்’டைக் கேட்கிறார். மாநில ஆளுநர்கள் பாதுகாப்புச் செலவு என்ற பெயரில் எடுத்துக்கொள்ளும் இந்தத் தொகைக்குக் கணக்கும் கிடையாது, தணிக்கையும் கிடையாது. பெருமளவு ரொக்கமாகவே செலவாகிறது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 2018இல் இதை ஆண்டுக்கு 67 கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிட்டது. பள்ளியிலிருந்து பிள்ளைகள் கடத்தப்பட்ட ஒரு மாநிலத்தில் அந்த மாதத்துப் பணம் எங்கே போனது என்பதைவிட எளிமையான, நேரடியான பாதுகாப்புக் கேள்வி இருக்க முடியாது. அதைக் கேட்பதற்கு அந்த மாநிலத்தில் வாழ வேண்டும், அல்லது வாழ்பவருடன் தொலைபேசியில் பேசும் பழக்கமாவது இருக்க வேண்டும்.

2023 ஜூலை 26 அன்று நைஜரில் அதிபர் பாஸூமை ராணுவம் சிறைவைத்தபோது இந்த இரண்டு வகை உரையாடல்களையும் அருகருகே கேட்க நேர்ந்தது. ஒரு பக்கத்தில் யுரேனியம், ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படை, அகடேஸில் அமெரிக்கா கட்டிய ட்ரோன் தளம். மறுபக்கத்தில் வடக்கு நைஜீரியர்கள், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஈக்கோவாஸ் படையெடுத்தால் எல்லை தாண்டிப் போய் யாரைச் சுடுவது என்று கேட்டார்கள். இரு நாடுகளுக்கும் இடையே 1,600 கிலோமீட்டர் நீள எல்லை. நைஜீரியாவின் ஏழு மாநிலங்கள் அதை ஒட்டியிருக்கின்றன. இரு பக்கமும் ஹௌஸா பேசுகிறார்கள், பெண் கொடுத்து எடுக்கிறார்கள், நைஜரின் வெங்காயமும் ஆடுமாடுகளும் நைஜீரியச் சந்தைக்கு வருகின்றன. நைஜர் அப்போது பயன்படுத்திய மின்சாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் நைஜீரியாவிலிருந்து போனது. நைஜீரியா அதை நிறுத்தியபோது நைஜரின் தலைநகர் நியாமேயில் இருளில் உட்கார்ந்தவர்கள் ராணுவத் தளபதிகள் அல்லர். நைஜீரிய செனட் போருக்கு ஒப்புதல் தராமல் பேச்சுவார்த்தையை வலியுறுத்தியதற்கு வடக்கு மாநில உறுப்பினர்களின் இந்தக் கவலை முக்கியக் காரணம். 2024 பிப்ரவரியில், நைஜர் மீது ஈக்கோவாஸ் விதித்திருந்த தடைகளில் பெரும்பாலானவை விலக்கப்பட்டன, அதற்குள் மாலியும் புர்கினா ஃபாசோவும் நைஜரும் ஈக்கோவாஸை விட்டே விலகுவதாக அறிவித்திருந்தன. வெங்காய வியாபாரியைப் பற்றிப் பேசிய நிகழ்ச்சிகள் இந்தத் தோல்வியை ஆகஸ்டிலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டன என்பது என் கணிப்பு.

அதிபர் விருந்தினராக வந்தபோது

கேள்வி கேட்பவரின் நாற்காலி முழுமையாகக் கைமாறிய ஓர் இடம் கென்யா. அதுவும் பாட்காஸ்ட் என்று சொல்லத்தக்க எந்த ஏற்பாடும் இல்லாமல் நடந்தது. 2024இன் நிதி மசோதா ரொட்டிக்கு மதிப்புக் கூட்டு வரியும், வாகனங்களுக்கு ஆண்டு வரியும், இன்னும் பலவும் விதிக்க முனைந்தது. கடன் சுமையும் சர்வதேசச் செலாவணி நிதியத்தின் நிபந்தனைகளும் அதற்குப் பின்னால் இருந்தன. இளைஞர்கள் மசோதாவைப் பிரிவு பிரிவாக எடுத்து டிக்டாக்கில் விளக்கினார்கள். ஸ்வாஹிலியிலும் பிற மொழிகளிலும் பெயர்த்தார்கள். மசோதாவைப் பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியையே செய்து வைத்தார்கள். இரவுகளில் எக்ஸ் தளத்தின் குரல் அரங்குகளில் மணிக்கணக்கில் பேசினார்கள். பொருளாதார நிபுணரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும் ஒரே வரிசையில் காத்திருந்து பேசிய அந்த அரங்குகளில் யாரும் யாரையும் ‘குரல்’ என்று அறிமுகப்படுத்தவில்லை.

ஜூன் 25 அன்று நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது, கூட்டம் உள்ளே புகுந்தது, போலீஸ் சுட்டது. ஹைத்தியின் பாதுகாப்புக்காக அனுப்பப்பட்ட கென்யப் போலீசாரின் முதல் அணி போர்ட்-ஓ-பிரின்ஸில் விமானத்திலிருந்து இறங்கியதும் அதே நாள்தான். அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்கா கென்யாவைத் தன் முக்கிய நேட்டோ சாராக் கூட்டாளியாக முறைப்படி அறிவித்திருந்தது. அந்த வாரத்தில் வந்த வெளிநாட்டு நிகழ்ச்சிகளில் சில, கென்யா ஒரு நிலையான கூட்டாளி என்ற பிம்பத்துக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட்டன. கென்யர்களோ, ஹைத்திக்கு ஒழுங்கைக் கொண்டுபோகும் போலீஸும் நைரோபியில் பிள்ளைகளைச் சுடும் போலீஸும் ஒரே போலீஸ்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மறுத்துப் பின்வாங்கினார். போராட்டங்களில் 39 பேர் இறந்ததாகக் கென்ய தேசிய மனித உரிமை ஆணையம் ஜூலை 1 அன்று கணக்குச் சொன்னது.

ஜூலை 5 அன்று ரூட்டோவே எக்ஸ் குரல் அரங்குக்கு வந்தார். கேள்வி கேட்டவர்கள் இளைஞர்கள். பதில் சொல்லக் காத்திருந்தவர் அதிபர். கொல்லப்பட்டவர்களைப் பற்றியும் இரவோடிரவாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்களைப் பற்றியும் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். பதில்கள் எனக்கு நிறைவளிக்கவில்லை, அவர்களுக்கும் நிறைவளித்திருக்காது. ஆள்கடத்தல்களும் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், நிழலுருவச் சித்திரங்களால் அதிபரைக் கேலி செய்த ஓவியர் ஒருவர் உட்படப் பல விமர்சகர்கள் காணாமல் போனார்கள், ஜனவரியில்தான் அவர் திரும்பினார். இருந்தும் அந்த அரங்கில் கடைசியாக “சர்வதேசச் சமூகம் என்ன செய்ய வேண்டும்” என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பொறுப்பேற்க வேண்டியவர் எதிரிலேயே இருந்தார்.

யாருக்கு அழைப்பு இல்லை

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் உள்ளூர் நெறியாளரே நல்லவர், வெளிநாட்டு ஒலிவாங்கியே கெட்டது என்று ஆகிவிடும். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் அடங்கிய சாஹேல் பகுதி அப்படிச் சொல்ல விடுவதில்லை. நைரோபியில் கேட்கக்கூடிய கேள்வியை இன்று வாகாடூகுவில் கேட்க முடியாது. 2024 ஏப்ரலில், இரண்டு கிராமங்களில் ராணுவம் 223 பொதுமக்களைக் கொன்றதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையைச் செய்தியாக்கியதற்காக பிபிசியையும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும் அந்த அரசு இரண்டு வாரம் நிறுத்திவைத்தது. மனித உரிமைச் செயல்பாட்டாளர் தாவூதா தியாலோ 2023 டிசம்பர் முதல் நாளில் வாகாடூகுவில் பிடித்துச் செல்லப்பட்டு, மூன்று மாதங்களுக்குப் பிறகே வெளியே வந்தார். விமர்சகர்களைக் கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்ப அரசு ஓர் ஆணையையே கையில் வைத்திருந்தது. மாலியில் 2013இல் தொடங்கப்பட்ட ஸ்டூடியோ தமானி பிரெஞ்சு தவிர பம்பரா, ஃபுல்ஃபுல்டே, தமாஷெக், சோங்காய் மொழிகளில் வட்டார வானொலிகள் வழியாக ஊர்களைப் பேச வைத்தது, எந்த ஆங்கில பாட்காஸ்டும் எட்ட முடியாத தூரத்துக்கு அது போனது. ஆனால் அதற்கும் ஒரு சுவிஸ் அறக்கட்டளை தேவைப்பட்டது. பெர்லினிலோ பிரஸ்ஸல்ஸிலோ இருக்கும் ஒலிவாங்கி, பெயர் சொல்லாமல் பேசுவதற்காவது ஓர் ஆய்வாளருக்கு இடம் தருகிறது. அந்தப் பாதுகாப்பைப் பெறுவதற்கு ரஷ்யாவைப் பற்றி இரண்டு முறை கேட்கப்படுவது கொடுக்கத்தக்க விலைதான் என்று அவர் நினைத்தால், தொலைவில் உட்கார்ந்திருக்கும் நான் அதை மறுக்க முடியாது.

அதனால் இப்போது என் குறை வேறோர் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அக்ராவிலிருந்து இயங்கும் ஆஃப்ரோபாரோமீட்டர் அமைப்பு, வீடு வீடாகச் சென்று மக்கள் விரும்பும் மொழியிலேயே கருத்துக் கேட்கிறது. 39 நாடுகளைப் பற்றி 2024இல் அது வெளியிட்ட முடிவுகளில், ஜனநாயகமே மற்றெல்லா ஆட்சிமுறைகளையும்விடச் சிறந்தது என்றவர்கள் 66 சதவீதம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் அதிகாரத்தைத் தங்கள் சுயநலத்துக்குப் பயன்படுத்தினால் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொள்வதை ஏற்கத் தயார் என்றவர்களும் 53 சதவீதம். ஆக, இந்த இரண்டையும் ஒருசேர நம்புகிறவர்கள் பலர் இருந்தாக வேண்டும். இனாட்டாவுக்குப் பிறகு வாகாடூகு தெருவில் நின்றவர்களில் அவர்களும் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்டுவரும் நிகழ்ச்சிகளில் அவர்களைப் பற்றி விளக்குபவர்கள் வாராவாரம் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வந்து, நிலைமை எந்த அளவுக்கு மோசமான பிறகு ராணுவம் வரலாம் என்று தான் எண்ணுகிறார், வந்த ராணுவம் போகாவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று விளக்கி நான் இதுவரை கேட்டதில்லை. ஜனநாயக ஆதரவுக்காக நிதி பெறும் ஒரு நிறுவனத்துக்கு அப்படியொரு விருந்தினரை அழைப்பது சங்கடம் என்பது புரிகிறது. ட்ராவ்ரேயைப் புகழும் காணொளிகளோ அப்படிப்பட்டவர் பேசுவதற்கு ஒரு மணி நேரமும் தருகின்றன, எதிர்க்கேள்வி ஒன்றுகூட இல்லாமல்.